ஆற்று வாயில் ஒரு தலைநகரம்: பஞ்சுல் நாட்குறிப்பு

ஞாயிறு இரவு

காம்பியா போகிறேன் என்றதும் பாதிப்பேர் "ஜாம்பியாவா?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஜாம்பியா ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இருக்கிறது. காம்பியா மேற்கு ஓரம். மூன்று பக்கமும் செனகல், நான்காவது பக்கம் அட்லாண்டிக். ஓர் ஆறும் அதன் இரு கரைகளும்தான் மொத்த நாடு. அகலம் 50 கிலோமீட்டர் வந்தாலே அதிகம். ஆறு கினியாவின் ஃபூட்டா ஜலோன் மேட்டுநிலத்தில் பிறந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் சேர்கிறது. சேரும் இடத்தில் ஒரு மணல் தீவு. அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது தலைநகரம் பஞ்சுல்.

நான் வந்தது சித்தப்பா மகனுக்குத் துணையாக. பண்ருட்டியில் முந்திரி ஆலை வைத்திருக்கிறான். நம் ஆலைகளில் உடைபடும் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வருவதுதான். ஏப்ரல் இங்கே கொட்டை இறங்கும் பருவம். "அண்ணே, எனக்குக் கிடங்கிலதான் வேலை. நீங்க ஊரைச் சுத்துங்க" என்றான். சரி, கிளம்பிவிட்டேன்.

வர நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி உட்கார வைத்துவிடலாம். மலேரியா மாத்திரையையும் மறக்காதீர்கள்.

காசாபிளாங்காவில் விமானம் மாறி யுண்டும் வந்து இறங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. இவ்வளவு சின்ன நாட்டுக்கு இவ்வளவு நீள ஓடுபாதையா என்று தோன்றும். நாசாவின் விண்வெளி ஓடங்கள் கிளம்பும்போது கோளாறானால் அவசரமாகத் தரையிறங்கக் குறித்து வைத்திருந்த இடங்களில் இதுவும் ஒன்று. அந்த அவசரம் ஒருமுறையும் வரவில்லை. இப்போது அதில் இறங்குவது பெரும்பாலும் வெயில் காய வரும் ஐரோப்பியர்கள்.

டாக்சிக்காரர் எங்களைக் கேட்காமலே கொலோலி கடற்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பப் பார்த்தார். விடுதிகள் எல்லாம் அங்கேதான். பஞ்சுல் என்றதும் பின்பார்வைக் கண்ணாடியில் எங்களை நன்றாகப் பார்த்தார். "பஞ்சுலிலா தங்குகிறீர்கள்? இரவில் அங்கே யார் இருக்கிறார்கள்?"

திங்கள்

யார் இருக்கிறார்கள் என்றால், எங்கள் விடுதிக்கார அம்மா இருக்கிறார். அக்கு சமூகத்தைச் சேர்ந்தவர். அடிமைக் கப்பல்களிலிருந்து ஆங்கிலேயக் கடற்படை மீட்டு சியரா லியோனில் இறக்கிவிட்ட மக்களின் வழித்தோன்றல்களில் ஒரு பகுதியினர் இங்கே வந்து குடியேறினார்கள். அவர்கள்தான் அக்கு. கிறிஸ்தவர்கள், கிரியோ மொழி பேசுபவர்கள். அந்தக் காலத்தில் எழுத்தர், ஆசிரியர், வக்கீல் வேலைகளில் இவர்கள்தான் நிறைய. வீடு பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக, கீழே கல், மேலே மரம். இப்படிப்பட்ட வீடுகள் ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன. எல்லாரும் அவரை ஆன்ட்டி என்கிறார்கள், நாங்களும் அப்படியே. எழுபதைத் தாண்டியிருப்பார். காலையில் தப்பலப்பா ரொட்டியும் அக்காராவும் வைத்தார். அக்காரா என்பது காராமணியை அரைத்து எண்ணெயில் பொரித்த உருண்டை. வெங்காயம் மிளகாய்ச் சாறு ஊற்றி ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் ரொட்டியை ஒதுக்கிவிட்டு வடையை மட்டும் தின்றதை ஆன்ட்டி ரசிக்கவில்லை.

ஊர் முழுக்க நடந்தே பார்த்துவிடலாம். 1816-இல் கேப்டன் அலெக்சாண்டர் கிராண்ட் தலைமையில் ஆங்கிலேயர் இந்தத் தீவில் படை இறக்கினார்கள். 1807-இல் தங்கள் அடிமை வணிகத்தைச் சட்டப்படி நிறுத்திய பிறகு, மற்றவர்கள் ஆற்றுக்குள் புகுந்து ஆள் ஏற்றாமல் பார்க்க ஆற்று வாயில் ஒரு காவல் வேண்டியிருந்தது. அப்போது ஊருக்கு பாத்தர்ஸ்ட் என்று பெயர். காலனி அமைச்சரின் பெயர் அது. 1965-இல் விடுதலை கிடைத்து, 1973-இல்தான் பஞ்சுல் ஆனது. வாட்டர்லூ போர் முடிந்த மறுவருடம் கட்டிய ஊர் என்பதால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட தெருக்களுக்கு அந்தப் போரின் தளபதிகள் பெயர்களையே வரிசையாக வைத்தார்கள். வெலிங்டன் தெரு இன்று லிபரேஷன் அவென்யூ. தெருவோரம் பல இடங்களில் வேப்பமரம். இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பக்கம் வந்து ஊன்றிய மரம், இப்போது உள்ளூர் மரமாகவே ஆகிவிட்டது. குச்சி ஒடித்துப் பல் துலக்குகிறவர்களையும் பார்த்தேன்.

ஆல்பர்ட் மார்க்கெட்டில் மதியம் வரை இருந்தேன். முன்பக்கம் துணி, தொப்பி, செருப்பு, சீனத்துக் குடம். உள்ளே போகப் போகத்தான் சந்தை சூடு பிடிக்கிறது. நிலக்கடலையை மாவாக அரைத்து வாளி வாளியாக வைத்திருக்கிறார்கள். தொமொதா என்ற குழம்புக்கு இதுதான் ஆதாரம். காலனிக் காலம் முழுக்க இந்த நாடு நிலக்கடலையை நம்பியே ஓடியது, இன்றும் உழவர்களின் முக்கியப் பணப்பயிர். வெண்டைக்காய், ஜக்காத்து என்ற கசப்புக் கத்தரிக்காய், சிவப்புப் பனை எண்ணெய், சின்னக் குடைமிளகாய் மாதிரி இருந்து உயிரை எடுக்கும் மிளகாய். அப்புறம் கெஜ்ஜு என்ற கருவாடு. வாசனை முன்னாலேயே வந்து வரவேற்கிறது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு அது வாசனைதான்.

இங்கே எதையும் எடுத்த எடுப்பில் விலை கேட்கக்கூடாது. முதலில் சலாம். அப்புறம் "நங்கா தெஃப்?" என்று நலம் விசாரிக்க வேண்டும். வீட்டில் எப்படி, வேலை எப்படி, வெயில் எப்படி என்று அவர்களும் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் மிளகாய். விலை கூட்டித்தான் சொன்னார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே குறைத்தார்கள். ஒரு தலாசி நம் காசில் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் என்பதால் கணக்குப் போடுவது எளிது.

மாலை ஐந்து மணிக்கு டாக்சிக்காரர் சொன்னது புரிந்தது. அமைச்சகங்கள், வங்கிகள், துறைமுகம், சந்தை எல்லாம் ஒரே நேரத்தில் காலியாகின. கெல்லிகெல்லி என்கிற வேன்களில் தொங்கிக்கொண்டு ஊரே மேற்கே போகிறது. 2013 கணக்கெடுப்பின்படி பஞ்சுலில் இருந்தது 31 ஆயிரம் பேர். பாலத்துக்கு அந்தப்பக்கம் செரக்குண்டா அடங்கிய கனிஃபிங் பகுதியில் 3 லட்சத்து 80 ஆயிரம். தீவு இனி விரிய வழியில்லை. வடக்கே கடல், கிழக்கே ஆறு, மற்ற பக்கம் எல்லாம் அலையாத்திக் காடு. பிள்ளைகள் வளர வளர மனை தேடி வெளியே போனார்கள், வேலை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. ஆன்ட்டியின் பிள்ளைகளில் ஒருவர் செரக்குண்டா, மற்றவர் இங்கிலாந்து.

செவ்வாய்

இன்று தம்பியோடு கிடங்குக்குப் போனேன். குறிப்பு சுருக்கமாக.

மூட்டைகளின் நடுவிலிருந்து குத்தூசியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டை உருவி, கலந்து, ஒரு கிலோ எடை போடுகிறார்கள். எத்தனை கொட்டை என்று எண்ணுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சுருங்கியது, அழுகியது என்று தனித்தனிக் குவியல். நல்லதை முழுதாகவும் புள்ளியைப் பாதியாகவும் சேர்த்து, 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்கு. இதைத்தான் அவுட்டர்ன் என்கிறார்கள். காம்பியா, கினி பிசாவு கொட்டைக்கு இதில் நல்ல பெயர். இன்று வெட்டியது ஐம்பதைத் தாண்டியதும் தம்பி முகத்தில் முதல்முறையாகத் தூக்கம் கலைந்தது.

வெட்டிக்கொண்டிருந்த பையனின் விரல்கள் கறுத்திருந்தன. ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். பண்ருட்டியில் நான் பார்த்த அதே விரல்கள். இங்கே உடைப்பது மிகக் குறைவு, கொட்டையாகவே கப்பலேறிவிடுகிறது. விளைய வைத்தவருக்குக் கொட்டை விலை, உடைத்து உரித்து விற்கிறவருக்குப் பருப்பு விலை. தம்பியிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல ஆலைக்காரன் படுற பாட்டை யார் எழுதுறது?" என்றான்.

துறைமுகம் நெருக்கடியானது. கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு முறைக்குக் காத்திருக்கின்றன. 2024-இல் ஒரு துருக்கிக் குழுமத்திடம் துறைமுகத்தை நடத்தக் கொடுத்திருக்கிறார்கள். இனி வேகம் வரும் என்கிறார்கள், பார்ப்போம்.

புதன்

பஞ்சுலைப் பார்க்க வருகிறவர் எதை விட்டாலும் பார்ரா ஃபெர்ரியை விடக்கூடாது.

ஆற்று வாய் இங்கே ஐந்து கிலோமீட்டர் அகலம் இருக்கும். அக்கரையில் பார்ரா. வடகரைக் கிராமங்களுக்கும் செனகலின் டாக்கருக்கும் போகிறவர்கள் இந்தப் படகைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு படகின் பெயர் குந்தா கிந்தே. அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நூலில் இங்கிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்படும் இளைஞனின் பெயர். நேரப்பட்டியல் என்று ஒன்று உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. காத்திருப்புக் கொட்டகையில் ஆட்டுக்கடா, மெத்தை, சைக்கிள், கோழிக்கூடை, கல்யாண உடையில் நாலைந்து பெண்கள், அவர்கள் தலைக்குமேல் ஒரு பிரிட்ஜ். வாயில் திறந்ததும் எல்லாரும் ஒரே ஓட்டம். லாரிகள் முதலில் ஏற, அவற்றின் இடுக்கில் மனிதர்கள் நிரம்பினோம்.

மேல்தளத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். திங்கள் வந்து வெள்ளி திரும்புகிறவர், இன்று ஏதோ காகித வேலைக்காக அலைகிறார். 2019-இல் மேலாற்றில் ஃபராஃபென்னி பக்கம் செனகாம்பியா பாலம் திறந்தார்கள். அதுவரை காம்பியாவில் இந்த ஆற்றின் வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே பாலமே கிடையாது. செனகலின் தென்பகுதிக்குப் போகும் லாரிகள் நாள்கணக்கில் படகுக்குக் காத்துக் கிடந்த காலம் அதோடு முடிந்தது. "ஆனால் அந்தப் பாலம் எனக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி. என் பாலம் இதுதான்" என்று தளத்தைக் காலால் தட்டினார். சொல்லி வாய் மூடுவதற்குள் நடு ஆற்றில் இன்ஜின் ஒருமுறை நின்று இருமிவிட்டு மறுபடி ஓடியது. யாரும் தலை நிமிரவில்லை.

பஞ்சுலை ஆற்றிலிருந்து பார்த்தால்தான் ஊர் எவ்வளவு தாழ்வு என்று தெரிகிறது. தண்ணீருக்கும் தெருவுக்கும் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கூரைகளும் மசூதிக் கோபுரங்களும் நீரிலிருந்து நேராக முளைத்த மாதிரி நிற்கின்றன. மழைக்காலத்தில் வடிகால் ஆற்றுக்குள் போக மறுக்கும் என்றார் ஆசிரியர். தெற்கு முனைக்கு ஹாஃப் டை என்றே பெயர். 1869-இல் வந்த காலரா அந்தப் பகுதியைத் துடைத்தெடுத்ததில் நிலைத்தது. துறைமுகத்துக்கு ஒட்டிய அந்தப் பகுதியில் இன்றும் குடியிருக்கிறார்கள், சாதாரணமாக அந்தப் பெயரைச் சொல்லி வழி காட்டுகிறார்கள்.

பார்ராவில் இறங்கியதும் புல்லன் கோட்டை. 1826-இல் வடகரையில் ஒரு மைல் அகலப் பட்டையை பார்ரா மன்னரிடமிருந்து ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டு ஆங்கிலேயர் கட்டியது. எதிர்க்கரையில், பஞ்சுலில், அதற்கு முன்பே ஆறு பீரங்கிகள் கொண்ட மேடை வைத்தாயிற்று. இரண்டும் சேர்ந்தால் ஆற்றுக்குள் ஒரு கப்பலும் தெரியாமல் நுழைய முடியாது. மேலாற்றில் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது குந்தா கிந்தே தீவு. முன்பு ஜேம்ஸ் தீவு என்று பெயர், 2011-இல் மாற்றினார்கள். ஆள் பிடித்து அடைத்து ஏற்றிய இடம் அது. 2003-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தீவையும் இந்த இரண்டு பீரங்கி இடங்களையும் ஒன்றாகவே சேர்த்தார்கள். வணிகம் நடந்ததற்கு அது சாட்சி, தடுத்ததற்கு இவை சாட்சி என்று. தடுத்தவர்களும் முந்தைய நூற்றாண்டில் ஏற்றியவர்களும் ஒரே நாட்டார் என்பதைக் கோட்டைக் காவலர் தானாகவே சொன்னார். நான் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் டாக்கர், ஜெர்மனிக்குப் பணிந்த விஷி பிரெஞ்சு அரசின் கையில் இருந்தபோது இதே கோட்டையில் மறுபடி பீரங்கி ஏறியது என்றும் சொன்னார். இப்போது மேலே காக்கைகளும் ஆடுகளும்தான்.

திரும்பும்போது ஃபெர்ரி வரக் காணோம். பிரோக் எனப்படும் நீள மரப்படகில் ஏறினேன். கரை வரை படகு வராது. தோளில் தூக்கிப் போய் ஏற்றுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். என் எடையைக் கண்ணால் அளந்துவிட்டு ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். அந்த இன்னொருவர் என்னைத் தோளில் வைத்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டு நடந்தார். உயிர்காப்புச் சட்டை கொடுக்கிறார்கள், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அலை இருந்த நாளில் குழந்தைகளோடு இதில் ஏறச் சொல்ல மாட்டேன்.

வியாழன்

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஆர்ச் 22. எட்டுத் தூண்கள், 35 மீட்டர் உயரம். 1994 ஜூலை 22 அன்று யாஹ்யா ஜாமே என்ற இளம் ராணுவ அதிகாரி ஆட்சியைப் பிடித்ததைக் கொண்டாட 1996-இல் எழுப்பியது. செனகல் கட்டடக் கலைஞர் பியர் குதியாபி வடிவமைத்தார். கவிழ்க்கப்பட்டவர் தாவ்தா ஜவாரா, நாட்டின் முதல் அதிபர், தொழிலால் கால்நடை மருத்துவர். வளைவின் மேலே ஏறினால் ஊர், ஆறு, கடல் மூன்றும் ஒரே பார்வையில். அதற்காக ஏறலாம். கட்டடம் என்ற அளவில் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு குட்டையான, அடக்கமான ஊருக்கு மேல் இது ஓர் அதட்டல்.

ஜாமே 22 ஆண்டு ஆண்டார். இறைவன் விரும்பினால் நூறு கோடி ஆண்டு ஆளுவேன் என்று ஒரு பேட்டியில் சொன்னவர். அவர் காலத்தில்தான் பத்திரிகையாளர் தேதா ஹிதாரா 2004 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதில் பங்கிருந்த ஒருவருக்கு 2023-இல் ஜெர்மன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஜாமேயை வீட்டுக்கு அனுப்பியது கோலிக்குண்டு. கதை இல்லை, உண்மையாகவே கோலிக்குண்டு.

அருங்காட்சியக ஊழியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அறுபதுகளிலிருந்தே இங்கே வாக்குச்சீட்டு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் வந்த முறை. வாக்காளர் கையில் ஒரு கண்ணாடிக் குண்டு தருவார்கள். மறைப்புக்குள் வேட்பாளருக்கு ஒன்றாக இரும்புப் பீப்பாய்கள், கட்சி வண்ணம் பூசி, படம் ஒட்டி. வேண்டியவரின் பீப்பாய்க் குழாயில் குண்டைப் போட வேண்டும். உள்ளே மணி ஒருமுறை அடிக்கும். இரண்டு முறை அடித்தால் வெளியே உட்கார்ந்திருக்கும் அலுவலர் பிடித்துக்கொள்வார். குண்டு விழுந்து வேறு சத்தம் எழாதபடி அடியில் மணலோ மரத்தூளோ போட்டிருப்பார்கள். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி அருகே சைக்கிளுக்குத் தடை, மணிச்சத்தம் குழப்பும் என்று. எண்ணுவதற்குக் குழி போட்ட பலகைத் தட்டுகள். தட்டு நிரம்பினால் இத்தனை என்று கணக்கு, ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம்.

2016 டிசம்பரில் குண்டுகள் அதாமா பாரோ பக்கம் அதிகம் விழுந்தன. ஜாமே முதலில் தோல்வியை ஏற்றார், ஒரு வாரத்தில் மாற்றிப் பேசினார். பாரோ டாக்கரில் காம்பியத் தூதரகத்தில் வைத்துப் பதவியேற்க வேண்டியிருந்தது. அண்டை நாட்டுப் படைகள் எல்லை தாண்டிய பிறகு, 2017 ஜனவரியில் ஜாமே விமானம் ஏறி ஈக்குவடோரியல் கினி போனார். "அந்த வாரம் பஞ்சுலில் தெருநாயைத் தவிர யாரும் இல்லை" என்றார் ஊழியர். 2021 தேர்தலும் குண்டுதான். சீட்டுக்கு மாறலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம், நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்று இவர் கேட்பாராம்.

வெளியே வந்து பெரிய மருத்துவமனையைத் தாண்டி நடந்தேன். எதிரே ஒரு மருந்துக்கடையில் இருமலுக்கு ஏதாவது கேட்டேன், புழுதி தொண்டையைப் பிடித்திருந்தது. கடைக்காரர் "எந்த நாடு?" என்றார். இந்தியா. கொஞ்ச நேரம் பேசாமல் மிட்டாய் மாத்திரை ஒன்றை எடுத்து வைத்தார். "சிரப் தர மாட்டேன். நீங்களே அறிவீர்கள்."

அறிவேன். 2022-இல் இங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து வரிசையாக இறந்தார்கள். எண்ணிக்கை எழுபதைத் தொட்டது. அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஹரியானாவில் தயாரான நான்கு இருமல், சளி மருந்துகளைக் குறிப்பிட்டு எச்சரிக்கை விட்டது. அவற்றில் டைஎத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும் இருந்தன. இரண்டும் தொழிற்சாலைக் கரைப்பான்கள், சிறுநீரகத்துக்கு விஷம். நம் அரசுத் தரப்பு, இங்கே வைத்திருந்த மாதிரிகளில் நச்சு இல்லை என்றது. காம்பியா நடத்திய விசாரணை மருந்துதான் காரணம் என்றது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜூலை முதல் இந்தியாவிலிருந்து வரும் மருந்துகளைக் கப்பலேற்றும் முன்பே சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்று காம்பியா விதி வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் நாட்டில் சோதனைக்கூடமே இல்லை. நம்பி வாங்கினார்கள்.

கடைக்காரர் கோபமாகப் பேசவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் கைகாட்டினார், அவ்வளவுதான். மிட்டாய்க்குக் காசு வாங்க மறுத்தார். நான் வற்புறுத்தி வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளி

வெள்ளிக்கிழமை அரை நாள்தான் அலுவலகம். ஜாமே காலத்தில் வெள்ளி முழு விடுமுறை, பாரோ வந்து அரை நாளாக்கினார். பன்னிரண்டரைக்கு மேல் ஊர் முழுக்க வெள்ளை, நீல நிற நீளங்கிகளாக இரட்டைக் கோபுரம் கொண்ட கிங் ஃபஹத் மசூதி நோக்கி நடந்தது. உள்ளே இடம் போதாமல் தெருவில் பாய் விரித்தார்கள்.

தொழுகை முடிந்து ஆன்ட்டி வீட்டுக்கு இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் சாப்பிட வந்தன. கிறிஸ்துமஸுக்கு இவர் அங்கே கொடுத்தனுப்புவாராம், தோபஸ்கி, அதாவது நம் பக்ரீத், ஆட்டுக்கறி அங்கிருந்து இங்கே வருமாம். மதியம் பெனாச்சின். ஒரே பாத்திரத்தில் மீன், தக்காளி, கத்தரி, கேரட், முட்டைக்கோஸ், மிளகாய் எல்லாம் வெந்து அந்தச் சாற்றிலேயே அரிசியும் வேகும். பெரிய வட்டிலில் கொட்டி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து வலக்கையால் எடுத்தோம். தன் முன்னால் இருக்கும் பங்கை மட்டும்தான் தொட வேண்டும். நடுவில் இருக்கும் மீனை வீட்டுக்காரி பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளுவார். அடியில் பிடித்த தீய்ந்த சோற்றைச் சுரண்டி விருந்தாளிக்குத் தருகிறார்கள். எனக்குக் கிடைத்தது, விடவில்லை.

அரிசி நொய். உடைந்த அரிசிதான் சாற்றை நன்றாகக் குடிக்கும் என்று இங்கே அதையே விரும்பி வாங்குகிறார்கள். முழு அரிசி விலை குறைந்தாலும் வேண்டாம். ஆற்றோரம் பெண்கள் நெல் விளைவிக்கிறார்கள் என்றாலும் அது போதாது, பெரும்பகுதி இறக்குமதி. ஆன்ட்டி சமையலறையிலிருந்து காலிச் சாக்கை எடுத்து வந்து காட்டினார். இந்திய அரிசி. "உங்கள் ஆட்கள் நிறுத்தியபோது எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா, மகனே?" 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தது. மழை குறைந்து நெல் குறைவாக வந்ததும், தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் நொய் தேவைப்பட்டதும் காரணம். தடையை எடுத்தது 2025 மார்ச்சில்தான். டெல்லியில் வந்த ஓர் அறிவிப்பை இவர் மூட்டை விலையில் படித்திருக்கிறார். இடையில் வேறு நாட்டு அரிசி வாங்கிப் பார்த்தாராம். "சரியாக உடையவில்லை" என்று முகத்தைச் சுளித்தார்.

சாப்பாட்டுக்குப் பின் அத்தாயா. கரி அடுப்பில் சின்னக் கெண்டி, சீனப் பச்சைத் தேயிலை, கை கையாகச் சர்க்கரை. உயரத்திலிருந்து ஆற்றி ஆற்றி நுரை கட்டுகிறார்கள். அதே இலையில் மூன்று முறை. முதல் கிளாஸ் கசப்பு, கடைசி கிளாஸ் வெறும் சர்க்கரை. மொத்தம் இரண்டு மணி நேரம். தம்பி முதல் கிளாஸோடு கிடங்குக்கு ஓடப் பார்த்தான். மூன்றும் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். கிடங்கிலும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சனி

கடற்கரை விடுதிகளை எட்டிப் பார்த்தேன். நீச்சல் குளம், ஜெர்மன் மெனு, நல்ல மணல். பக்காவ் கச்சிக்காலி குளத்தில் முதலைகள். குழந்தை வேண்டி வரும் பெண்கள் அந்தக் குளத்து நீரில் குளிப்பது இன்றும் உண்டு. முதலையின் முதுகில் கை வைக்கலாம் என்றார் வழிகாட்டி. வைக்கவில்லை.

மதியம் டென்டன் பாலம். பஞ்சுல் தீவை நாட்டோடு இணைப்பது இதுதான். பாலத்தடியில் படகு பிடித்து தன்பி அலையாத்திக் காட்டுக்குள் போனோம். 2007-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். கொக்கு, மீன்கொத்தி, கூழைக்கடா, மரவேரில் ஏறி நிற்கும் மீன்கள். அந்த வேர்களில்தான் சிப்பி ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பெண்கள் தனித்தனித் தோணியில் நீரோட்டம் பார்த்துப் போய், வேரை வெட்டாமல் சிப்பியை மட்டும் கத்தியால் பெயர்த்தெடுக்கிறார்கள். 2007-இல் ட்ரை என்ற பெயரில் சங்கம் வைத்தார்கள். வருடத்தில் மார்ச் முதல் ஜூன் வரைதான் எடுப்பது, மற்ற மாதங்கள் விட்டுவிடுவது என்று அவர்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். சிப்பி பெருத்தது. இந்தப் பகுதியின் காவலை அரசு அதிகாரப்பூர்வமாக இவர்கள் கையிலேயே கொடுத்தது, 2012-இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசும் கிடைத்தது.

சாலையோரம் ஓடுகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. எரித்துச் சுண்ணாம்பு ஆக்குகிறார்கள். வேகவைத்த சிப்பியைத் தட்டு அளவில் விற்ற பெண்ணிடம் நன்றாக நலம் விசாரித்துவிட்டு விலையைக் குறைக்கப் பார்த்தேன். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். உள்ளங்கை முழுக்க ஓடு கீறிய வெட்டுக்கள். சொன்ன விலையே கொடுத்தேன். எலுமிச்சையும் மிளகாயும் பிழிந்து தின்றோம், தம்பி இன்னொரு தட்டு வாங்கினான்.

அவனுடைய சரக்குக்குக் கன்டெய்னர் கிடைத்துவிட்டது. எந்தக் கப்பலில் ஏறும் என்பது மட்டும் திங்கள்தான் தெரியுமாம். அதனால் அவன் இருக்கிறான், நான் நாளை கிளம்புகிறேன். வரும்போதும் போகும்போதும் விமான நிலையத்தில் பாதுகாப்புக் கட்டணம் என்று தலைக்கு 20 டாலர் வாங்குகிறார்கள், தனியாக எடுத்து வையுங்கள். தங்குவது பஞ்சுலா கடற்கரையா என்று கேட்டு எழுதியவர்களுக்கு: கடற்கரை வேண்டுமென்றால் கோவாவே போதும். பஞ்சுலில் தங்குங்கள். இரவில் சாப்பிடக் கடை தேடக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். ஆறு மணிக்குள் ஏதாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.